ஆசிரியர்கள் சேர்ந்து கற்பது: சி.ஆர்.சி. கூட்டத்தைத் தாண்டி ஏதாவது நடக்குமா?

ஜூன் 21, இரவு 8.50 – நடுநிலைப்பள்ளி

எச்.எம். உட்பட எங்கள் பள்ளியில் ஆறு பேர். சண்டை சச்சரவு கிடையாது. ஒருவர் வீட்டு விசேஷம் என்றால் எல்லோரும் போய் நிற்போம். ஆனால் பக்கத்து வகுப்பில் கழித்தல் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சி.ஆர்.சி., அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் என்றால் போய் உட்கார்ந்து, பிபிடி பார்த்து, லிங்க்கை நிரப்பிவிட்டு வருவதோடு சரி. பள்ளிக்குள்ளேயே சேர்ந்து கற்கும் பழக்கத்தை உண்டாக்க முடியுமா? ஜப்பானில் பாட ஆய்வு என்று, ஒரு பாடத்தை ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்துப் பிறகு பேசுகிறார்களாமே, அது நமக்கு ஒத்துவருமா? தத்துவம் வேண்டாம். திங்கட்கிழமை என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஜூன் 21, இரவு 10.15 – கரும்பலகை

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்து வாருங்கள். முதல் வேலை அதுதான். ஒரே ஒரு கழித்தல் கணக்கு, எல்லாப் பிள்ளைகளும் செய்தது. விடையை வைத்து நோட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரியுங்கள். சரி, தப்பு என்று இரண்டு கட்டு போதாது. ஒரே தப்பான விடை எழுதியவர்கள் ஒரு கட்டில் வர வேண்டும். முப்பது நோட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். பெரிய தப்புக் கட்டு எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசுங்கள். கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளை என்ன விதியைப் பின்பற்றினால் இந்த விடை வரும்?

வகுப்பைப் பார்க்கப் போவது, மாதிரி வகுப்பு எல்லாம் இப்போது வேண்டாம். ஒருவர் வகுப்புக்குள் இன்னொருவர் நுழைவது நம் ஊரில் அதிகாரி ஆய்வு என்றுதான் அர்த்தப்படும். நோட்டைப் பார்ப்பதில் அந்தப் பயம் இல்லை. அந்த நேரத்தில் யாருடைய வகுப்பையும் யாரும் பார்த்துக்கொள்ளத் தேவையும் இல்லை.

ஜூன் 22, காலை 6.30 – கரும்பலகை

எழுத விட்டுப்போனது: அந்த நோட்டில் சிவப்புப் பேனா படுவதற்கு முன்பே எடுத்து வாருங்கள். திருத்திய நோட்டில் பிள்ளை என்ன நினைத்தது என்பது பாதி அழிந்துபோயிருக்கும்.

ஜூன் 22, காலை 7.05 – ஈராசிரியர்

ஆறு பேர் இருக்கிற பள்ளிக்கு இதெல்லாம் சரி. நானும் எச்.எம்.மும் மட்டும் இருக்கிற பள்ளியில் ஸ்டாஃப் ரூமே கிடையாது. யாரோடு பேசுவது?

ஜூன் 22, காலை 7.20 – கரும்பலகை

நியாயம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். நம் தொடக்கப்பள்ளிகளில் ஏராளமானவை அப்படித்தான் ஓடுகின்றன. சேர்ந்து கற்பது பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கணக்கைத் தொடாமல் பேசினால் நம்ப வேண்டாம். தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 28, மாலை 5.40 – நடுநிலைப்பள்ளி

செய்தோம். கணக்கு 52 − 27. சரியாக 25 எழுதியவர்கள் ஒரு கட்டு. 35 எழுதியவர்கள்தான் பெரிய கட்டு. "கடன் வாங்க மறந்துட்டாங்க, திரும்ப நடத்தணும்" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஐந்தே நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஜூன் 28, இரவு 9.30 – கரும்பலகை

இருக்கிறது. அந்த 35 ஒரு தப்பு இல்லை, இரண்டு தப்பு.

முதல் வகை: ஒன்றாம் இடத்தில் 2, 7. பெரியதில் சிறியதைக் கழித்து 7 − 2 = 5. பத்தாம் இடத்தில் 5 − 2 = 3. விடை 35. இந்தப் பிள்ளைக்கு இரண்டு எண்களும் தனித்தனி இலக்கங்களாகத்தான் தெரிகின்றன.

இரண்டாம் வகை: கடன் வாங்கியாயிற்று, 12 − 7 = 5. ஆனால் பக்கத்தில் 5ஐ 4 ஆக்கவில்லை. 5 − 2 = 3. விடை அதே 35. இந்தப் பிள்ளைக்குப் பத்தைப் பிரிப்பது பாதி தெரியும்.

இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய வைத்தியம் வேறு. முதலாவதுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய கட்டும் உதிரியுமாகக் குச்சியைக் கையில் கொடுக்க வேண்டும். இரண்டாவதுக்குக் குச்சிக் கட்டை அவிழ்த்தபின் எத்தனை கட்டு மிச்சம் என்று எண்ணிக் காட்டச் சொன்னால் போதும். உங்கள் கணக்கு இருவரையும் ஒரே கட்டில் போட்டுவிட்டது. 53 − 27 கொடுத்துப் பாருங்கள். முதல் வகை 34 எழுதும், இரண்டாம் வகை 36 எழுதும், சரியான விடை 26. ஒரே ஓர் இலக்கத்தை மாற்றியதில் கட்டு தானாகப் பிரிந்துவிடும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான்கு பேர் உட்கார்ந்து பேசுவதுதான் ஜப்பானியப் பாட ஆய்வின் முக்கால்வாசி வேலை. அந்த ஊரில் அதற்குத் தனிப் பெயர் உண்டு, க்யோசாய் கென்க்யூ. பாடப்பொருளை நோண்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணம்: முதல் வகுப்பில் பத்தைத் தாண்டும் கழித்தலை எந்த எண்ணில் தொடங்குவது? 13 − 9 என்றால் பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மிச்சம் ஒன்றோடு மூன்றைக் கூட்டுவது பிள்ளைக்குத் தானாகத் தோன்றும். 12 − 3 என்றால் முதலில் 2ஐ எடு, பிறகு 1ஐ எடு என்று வேறு வழியில் போகும். எந்த வழியை முதலில் காட்ட விரும்புகிறோமோ அதற்கேற்ற எண். பாடநூலில் முதல் எண்ணாக ஏன் அதைப் போட்டார்கள் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். நாம் பாடக்குறிப்பில் 'கற்பித்தல் படிகள்' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்து வாங்கப் போய்விடுகிறோம்.

ஜூன் 29, காலை 8.00 – பயிற்றுநர்

நான் பி.ஆர்.டி.இ., வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். சி.ஆர்.சி.யைக் கிண்டல் செய்கிறீர்கள், பரவாயில்லை. வட்டார வள மையமும் குறுவள மையமும் 1994இல் டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது உருவானவை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடித் தங்கள் வகுப்புச் சிக்கலைப் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். பக்கத்துப் பள்ளிகளை ஒரு தொகுப்பாக இணைக்கும் பள்ளி வளாகம் என்ற யோசனை அதற்கும் முன்னால், 1964–66 கோத்தாரி ஆணையத்திலேயே இருக்கிறது. எங்களுக்கும் அதே ஆசைதான். ஆனால் மேலிருந்து வரும் கருத்துப்பொருளை அன்றைக்கே முடித்து அன்றைக்கே அறிக்கை ஏற்ற வேண்டும். மாநிலத்தில் மூன்று நாள் நடந்த பயிற்சி மாவட்டத்தில் இரண்டு நாளாகி, எங்களிடம் ஒரு நாளாகி, உங்களிடம் ஒரு வேளையாக வந்து சேர்கிறது. கேள்விகளெல்லாம் மேல்படியிலேயே உதிர்ந்துவிடும், ஸ்லைடு மட்டும் அப்படியே வரும்.

ஜூன் 29, காலை 8.25 – கரும்பலகை

சுண்டலும் டீயும் உதிராமல் வருகிறதே, அதைச் சொல்லவில்லையே சார்.

விளையாட்டு இருக்கட்டும். நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அந்த ஒரு வேளையிலேயே கடைசி 40 நிமிடத்தை நோட்டுக்கு ஒதுக்க முடியும். பள்ளிக்கு ஐந்து நோட்டு, எட்டுப் பள்ளி வந்தால் நாற்பது. ஒரே கணக்கு. இதில்தான் ஈராசிரியருக்கும் இடம் இருக்கிறது.

ஜூலை 6, இரவு 9.10 – கரும்பலகை

ஈராசிரியர் பள்ளிக்குச் சொன்னது. மூன்று வழி, மூன்றும் அரைகுறைதான்.

ஒன்று, மேலே சொன்ன சி.ஆர்.சி. நாற்பது நிமிடம். இரண்டு, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இன்னொரு ஈராசிரியர் பள்ளியோடு ஜோடி சேர்வது. இரு எச்.எம்.களும் ஒத்துக்கொண்டால் மாதம் ஒரு மாலை மணி அடித்தபின் நோட்டோடு போய் 40 நிமிடம் பேசலாம். இதற்கு ஓ.டி. (பணிநிமித்த அனுமதி) கேட்டு யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். கேட்டால் படிவம் வரும், படிவம் வந்தால் காரியம் நிற்கும்.

மூன்று, செல்போன். முழு வகுப்பையும் வீடியோ எடுக்காதீர்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், சத்தமும் கேட்காது. ஒரு பிள்ளை ஒரு கணக்கைச் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்வதை 90 வினாடி பதிவு செய்யுங்கள். முகம் வேண்டாம், கையும் நோட்டும் மட்டும். பெயர் எழுதிய அட்டை ஃபிரேமில் விழக்கூடாது.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். புதுக் குழு தொடங்கலாம், ஆனால் வாரம் ஒரு நோட்டுப் படம், ஒரு கேள்வி, அதற்கு மேல் எதுவும் கூடாது. சுற்றறிக்கையும் குட்மார்னிங் ரோஜாப்பூவும் அதற்குள் நுழைந்த அன்றே குழு செத்துவிடும். துறையின் தகவல் தளமான எமிஸ் லிங்க் நுழைந்தால் அடக்கமும் ஆயிற்று.

ஜூலை 13, மாலை 6.20 – நடுநிலைப்பள்ளி

53 − 27 வேலை செய்தது. 34 கட்டும் 36 கட்டும் தனித்தனியாக வந்தன. 34தான் அதிகம். ஆனால் ஒரு சங்கடம். "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததால்தான் இப்படி ஆகிறது என்று ஒருவர் சொல்ல, இரண்டாம் வகுப்பு டீச்சர் முகம் சுண்டிவிட்டது. அடுத்த வாரம் அவர் வரவில்லை.

ஜூலை 13, இரவு 10.00 – கரும்பலகை

பெரும்பாலான பள்ளிகளில் முயற்சி உடைகிற இடம் இதுதான்.

நன்றாகப் பழகுவது வேறு, சேர்ந்து வேலை செய்வது வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் வாரன் லிட்டில் 1990இல் ஆசிரியர்களுக்கிடையே இருக்கும் உறவை நான்காகப் பிரித்துச் சொன்னார்: கதை பேசுவது, கேட்டால் உதவுவது, பொருளைப் பகிர்வது, ஒரே வேலைக்குச் சேர்ந்து பொறுப்பேற்பது. முதல் மூன்றும் இருக்கிற பள்ளியில் நான்காவது இல்லாமல் போகலாம். சொல்லப்போனால் முதல் மூன்றும் நன்றாக நடக்கிற இடத்தில்தான் நட்பைக் கெடுத்துக்கொள்ள மனம் வராமல் நான்காவது தள்ளித் தள்ளிப் போகும்.

அந்த டீச்சரை அழைத்துவர ஒரு வழி உண்டு. அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை எடுத்து, "இதை எந்த வகுப்பு வரைக்கும் சொல்லலாம், எங்கே நிறுத்தணும்?" என்று கேளுங்கள். ஏழாம் வகுப்பில் முழுக்களைக் கழிக்கும்போது 3 − 8 = −5 என்று அதே வாக்கியம் திரும்பி வந்து கடிக்கும். அங்கே எடுக்கிற பட்டதாரி ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. சிக்கல் ஒருவர் தலையில் இருக்காமல் ஏழு ஆண்டுக்கும் பரவிவிடும். இப்படிப் பேச நடுநிலைப்பள்ளியைப் போல வசதியான இடம் வேறு இல்லை. முதல் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன.

ஜூலை 14 – ஈராசிரியர்

சமாதானத் தூது நன்றாக இருக்கிறது. டீச்சருக்கு வேறு வேலை இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

ஜூலை 14 – நடுநிலைப்பள்ளி

விசாரித்தேன். வாக்காளர் பட்டியல் வேலை. பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்).

ஜூலை 14 – கரும்பலகை

அப்படியானால் எந்தக் கோட்பாடும் உதவாது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்விதான், கேளுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 8.45 – கரும்பலகை

இப்போது வகுப்பைப் பார்ப்பதற்கு வரலாம். நோட்டில் ஒரு மாதம் பழகியபின்தான் இது. அதற்கு முன் செய்தால் பழைய மாதிரி வகுப்பு ஆகிவிடும்: புத்தகத்தில் இல்லாத சார்ட், ஏற்கனவே ஒத்திகை பார்த்த பிள்ளைகள், கடைசியில் கைதட்டல்.

நடத்துவது ஒருவர், ஆனால் பாடத்தைத் திட்டமிடுவது எல்லோரும். இரண்டு அமர்வு, தலா 40 நிமிடம். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். அந்தப் பக்கத்தில் அவசியம் இருக்க வேண்டியவை: முக்கியக் கேள்வி ஒன்று, அதற்குப் பிள்ளைகள் சொல்லக்கூடிய விடைகள் எல்லாம் தப்பானவை உட்பட, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் அடுத்து என்ன கேட்பார். இரண்டாவதுதான் கஷ்டம். நாலு தலை அதற்குத்தான் தேவை.

கேள்விக்கு என் தேர்வு 31 − 29. பெரியதில் சிறியதைக் கழிக்கும் பிள்ளை 18 என்று எழுதும். பத்தைக் குறைக்க மறந்தால் 12. சரியான விடை 2. முப்பத்தொன்றுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவே இடைவெளி 18 இருக்காது என்று விரல்விட்டு எண்ணினாலே தெரிந்துவிடும். 53 − 27இல் 34 வந்தால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது.

குச்சிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இருவருக்கு ஒரு செட்: பத்துக் கட்டு ஐந்து, உதிரி பத்து, ஆக 60 குச்சி. முப்பது பிள்ளைக்கு 900. ஈர்க்குச்சியைக் காய்ந்தபின் சம நீளத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும், பச்சையாகக் கட்டினால் சுருங்கி ரப்பர் பேண்டிலிருந்து நழுவும். கட்டை அவிழ்க்கிற நேரம்தான் பாடத்தைத் தின்னும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுக்கு மேல் போடாதீர்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 9.50 – பயிற்றுநர்

31 − 29இல் ஓர் ஓட்டை இருக்கிறது. பிள்ளை 29இலிருந்து 30, 31 என்று எண்ணி 2 என்று சொல்லிவிடும். கடன் வாங்குகிற வேலையே வராது. நீங்கள் நடத்த வந்த பாடம் நடக்காமலே பாடம் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 4, காலை 6.10 – கரும்பலகை

சரியான ஆட்சேபம். எண்ணிக் கண்டுபிடிக்கிற வழி அங்கே திறந்துதான் இருக்கிறது. 31 − 29 சந்தேகத்தைக் கிளப்ப மட்டும், ஏழெட்டு நிமிடத்துக்கு. 18 எழுதியவரையும் 2 எழுதியவரையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதவைத்து, இரண்டையும் அழிக்காமல் விட்டுவிட்டு 53 − 27க்குப் போக வேண்டும். அங்கே எண்ணி மாளாது, குச்சி தேவைப்படும். இறுதியில் திரும்பி வந்து அந்த 18 எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும்.

இந்த இழையிலேயே ஓர் எண்ணுக்காக மோதிக்கொண்டிருக்கிறோம். இதையே ஸ்டாஃப் ரூமில் செய்யச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, இரவு 9.00 – கரும்பலகை

பார்ப்பவர்களுக்கு.

பின்பெஞ்சில் உட்காராதீர்கள். அங்கிருந்து ஆசிரியர்தான் தெரிவார். பக்கவாட்டில், பிள்ளையின் நோட்டு தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், யார் யார் என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முப்பது பேரையும் பார்க்கப் போனால் ஒருவரையும் பார்த்திருக்க மாட்டீர்கள். பிள்ளை திணறினாலும் உதவக்கூடாது. ஆசிரியர்களுக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம் அது. கை தானாகப் பென்சிலுக்குப் போகும்.

தாளில் நேரம், பிள்ளை செய்தது, இரண்டு மட்டும். மாதிரிக்கு:

10.22 – 18 எழுதினாள்.
10.23 – பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தாள், அதில் 2. தன்னுடையதை அழிக்கவில்லை.
10.25 – விரலில் 30, 31. நிறுத்தினாள். மறுபடியும் 30, 31.
10.26 – 18ஐ அடித்தாள். 2 எழுதவில்லை. இடத்தைக் காலியாக விட்டாள்.
10.31 – ஆசிரியர் விடையைக் கரும்பலகையில் எழுதியதும் 2 எழுதினாள்.

ஆர்வமாகக் கற்றாள், கவனம் குறைவு, பங்கேற்பு நன்று என்றெல்லாம் எழுதினால் அது தாளில் எழுதியது ஆகாது, தீர்ப்பு எழுதியது ஆகும். மேலே இருக்கிற ஐந்து வரியில் பேச ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருக்கிறது. விரலால் 2 என்று கண்டுபிடித்த பிறகும் ஐந்து நிமிடம் அவள் ஏன் எழுதவில்லை? கழித்தலுக்கு விடை விரலில் வரலாம் என்பதே அவளுக்கு அனுமதி இல்லாத காரியமாகத் தோன்றியிருக்கலாம். அந்த அனுமதியை யார், எப்போது கொடுக்காமல் விட்டோம் என்பதைத்தான் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 17, மாலை 7.30 – நடுநிலைப்பள்ளி

எல்லோரும் ஒரு வகுப்பில் உட்கார்ந்தால் மற்ற வகுப்பு?

ஆகஸ்ட் 17, இரவு 8.15 – கரும்பலகை

எல்லோரும் உட்கார வேண்டாம். இருவர் போதும். 4, 5 வகுப்புகளைச் சேர்த்து வாசிப்புக்கு உட்கார வைத்தால் ஒருவர் விடுபடுவார். 6 முதல் 8 வரைக்குக் கால அட்டவணையில் காலிப் பாடவேளை இருப்பவர் இன்னொருவர். எச்.எம். வர வேண்டுமென்றால் வரட்டும், அவருக்கும் இரண்டு பிள்ளை, அவருக்கும் அதே தாள். பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அன்றைக்கு வந்துவிட்டால் ஒத்திவையுங்கள்.

பாடம் முடிந்த அன்று மாலையே பேச்சு, 45 நிமிடம். மறுநாள் என்றால் நினைவு நீர்த்துவிடும். நடத்தியவர் முதலில் மூன்று நிமிடம். அடுத்து பார்த்தவர்கள் தாளை வாசிக்க வேண்டும், விளக்கக்கூடாது, வெறும் வாசிப்பு. அதற்கப்புறம்தான் ஏன் என்ற பேச்சு. வெளியாள் யாராவது இருந்தால், பி.ஆர்.டி.இ. அல்லது டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம்) விரிவுரையாளர், கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேசினால் மற்ற எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டத்தை நடத்துவது எச்.எம். அல்லாத ஒருவர்.

தடை செய்ய வேண்டிய இரண்டு வாக்கியங்கள்: "நானா இருந்தா இப்படி நடத்தியிருப்பேன்", "ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்". இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும்.

ஆகஸ்ட் 18 – ஈராசிரியர்

ஜப்பான் ஜப்பான் என்கிறீர்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, இரவு 9.20 – கரும்பலகை

அங்கே நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று யார் சொன்னது? ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2018இல் எடுத்த ஆசிரியர் கணக்கெடுப்பில் ஜப்பானின் கீழ்நிலை உயர்நிலைப்பள்ளி (7 முதல் 9 வகுப்பு) ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் அதிகம். அதில் வகுப்பெடுத்தது 18 மணி நேரம். மிச்சத்தில் கிளப், அலுவலக வேலை, கூட்டம் எல்லாம் உண்டு. அதைக் கொண்டாட ஒன்றும் இல்லை, அங்கேயே பெரிய பிரச்சினை அது. ஆனால் பாட ஆய்வு 1870களில் மெய்ஜி காலத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் தொடங்கி இன்றைக்கும் நிற்கிறதென்றால், அது பள்ளி நாளின் ஒரு பகுதியாக இருப்பதால்தான்.

நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்ட அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. அந்தத் தயாரிப்பு நேரம் கால அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று கேட்க உரிமை உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. நோட்டு பார்த்த 40 நிமிடத்தை அந்த 50இல் எழுத விட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. 

செப்டம்பர் 7 – பயிற்றுநர்

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது தொடக்க வகுப்புகளில் நடக்கிறது. உங்கள் கட்டுப் பிரிப்பும் அதுவும் ஒன்றுதானே?

செப்டம்பர் 7, இரவு 10.05 – கரும்பலகை

பக்கத்தில் வரும், ஒன்றில்லை. நிலை பிரிப்பது பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும். கட்டுப் பிரிப்பது அந்தப் படியில் ஏன் நிற்கிறது என்று கேட்கும். ஒரே மொட்டுக்குள் 34உம் 36உம் உட்கார்ந்திருக்கும். ஆனால் நிலைப் பதிவேடு ஏற்கனவே இருப்பதால் எந்த நோட்டுகளை எடுப்பது என்று தேட வேண்டாம். மொட்டிலிருந்து பத்து நோட்டு எடுங்கள், போதும்.

செப்டம்பர் 14, மாலை 6.00 – நடுநிலைப்பள்ளி

கடைசிக் கேள்வி. இதற்கெல்லாம் பதிவேடு வேண்டுமா? மாறுதல் கலந்தாய்வில் இரண்டு பேர் மாறிப்போனால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்தா?

செப்டம்பர் 14, இரவு 9.15 – கரும்பலகை

பதிவேடு வேண்டாம், ஃபைல் வேண்டும். ஆசிரியர் பெயரிலோ தேதி வாரியாகவோ வைக்காதீர்கள், பாடத்தலைப்பு வாரியாக வையுங்கள். 'கழித்தல் – வகுப்பு 3' என்று மேலே எழுதிய ஃபைலில் நான்கே தாள்: கொடுத்த கணக்கு, வந்த தப்பு விடைகளும் அவற்றின் விதியும், பிள்ளையின் பெயரை மறைத்து எடுத்த இரண்டு நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸ், அடுத்த முறை எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்ற ஒரு வரி. மாறிப்போகிறவர் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகட்டும். புதிதாக வருகிறவரிடம் ஃபைலைக் கொடுத்து, "இதை நீங்க நடத்துங்க, நாங்க பாக்குறோம்" என்று முதல் வாரமே சொல்லாதீர்கள். அவரையும் நோட்டுக் கட்டில் இருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

எச்.எம். கையெழுத்துக்கு இடம் விட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். கையெழுத்து வந்தால் ஆய்வுக்கு எடுத்து வைப்பார்கள், ஆய்வுக்கு என்றால் எழுதுகிறவர் அழகாக எழுதுவார், அழகாக எழுதினால் தப்பு விடைகள் முதலில் காணாமல் போகும்.